அப்படியே அம்மா ஜாடை

ஜூன் 3, திங்கள்

போன நவம்பரில் அறுப்பின் பண்டிகைக்கு "முதற்பலன்" என்று சொல்லி, கழுத்தில் ரோஸ் ரிப்பன் கட்டி, நான் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போன நாய்க்குட்டி முதற்பலன் இல்லை. கடைசிப் பலன். பன்னு போட்ட ஏழு குட்டிகளில் ஆறுக்குக் கண் திறந்த வாரமே ஆள் சொல்லி வைத்துவிட்டார்கள். ஏழாவது மெலிந்தது. பால் குடிக்கப் போன இடத்திலேயே தூங்கிவிடும். அதை யாரும் கேட்கவில்லை. வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை. ஆகவே ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சபைப் பத்திரிகையில் மாதம் ஒரு பக்கம் மற்றவர்களைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதுகிற எப்சிபாய் ஞானதுரை, தன்னைப் பற்றி எழுத நோட்டு வாங்கியது ஐம்பத்திரண்டு வயதில் இதுவே முதல் தடவை. அதுகூட டாக்டர் முகைதீன் வாங்கச் சொன்னதால். அவர் கால்நடை டாக்டர். எழுதச் சொன்னது நாயைப் பற்றி.

பன்னு எங்கள் மஞ்சள் லாப்ரடார். ஐந்து வயது. வாங்கியபோது நிறம் மட்டும் பேக்கரி பன் மாதிரி இருந்தது, இப்போது வடிவமும். ஒரு மாதமாகச் சாயங்காலமானால் மாடிப் படி ஏறுவதில்லை. முதல் படியில் நின்று மேலே பார்த்து ஒரு பெருமூச்சு விடும். வயதான பெரியவர்கள் தாலுகா ஆபீஸ் படியில் நிற்பதுபோல. இடுப்புதான் என்று நானே முடிவு கட்டி இன்று எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போனேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்த சாதிக்கு இடுப்பு மூட்டு கெடும். முழங்கை கெடும். காதுல சீழ் வைக்கும். கண்ணு முன்னாடி இருக்கத எல்லாம் தின்னு எடை போடும். சில வம்சத்துல நாலு எட்டு வேகமா ஓடினா பின்னங்கால் துவண்டு விழுந்துரும்."

என் வீட்டுக்காரர் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். "முழங்கையைத் தவிர மத்த எல்லாம் ஒனக்கும் இருக்கு, எப்சி."

அவர் மின்வாரியத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான்.

இடுப்பு சுமார்தானாம், ஆனால் படி ஏற முடியாத அளவுக்கு மோசமில்லையாம். "அப்ப ஏன் ஏற மாட்டேங்கு?" என்றேன். "பதினஞ்சு நாளு எழுதிட்டு வாங்கம்மா. என்ன தின்னுது, எங்க தடுமாறுது, எப்போ தடுமாறுது. மூணும் வேணும்."

ஜூன் 4

காலை: டாக்டர் சொன்ன அளவு. மதியம்: டாக்டர் சொன்ன அளவு. இரவு: டாக்டர் சொன்ன அளவு. இவை தவிர ஒரு இட்லி, என் வீட்டுக்காரர் கையிலிருந்து தவறி விழுந்தது. தவறி விழுந்த இட்லியில் சட்னி தொட்டிருந்தது.

ஜூன் 6

மாலை ஆறே முக்காலுக்கு வாசல் நடையில் தலையை முட்டிக்கொண்டது. நடையை யாரோ நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

கோயிலில் ஜெபமலர் மைனியைப் பார்த்தேன். என் அண்ணன் அருள்தாசனின் மனைவி. நாங்கள் வாராவாரம் பார்க்கிறோம், "ஸ்தோத்திரம்" சொல்லிக் கை கொடுக்கிறோம், சிரிக்கிறோம். ஆனால் ஏழு மாதமாக அவள் வீட்டுக்கு நான் போகவில்லை, என் வீட்டுக்கு அவள் வரவில்லை. காரணம் அந்தக் கடைசிப் பலன்.

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் விளைந்ததை எல்லாம் கொண்டுவந்து படைப்போம். வாழைத்தார், பூசணிக்காய், கோழி, சில வீட்டிலிருந்து ஆட்டுக்கிடாய். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். நாய்க்குட்டி வந்தது அதுதான் முதல் முறை. கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை அதைத் தூக்கிக் காட்டியபோது கூட்டமே எழுந்து நின்றது. மைனி கை தூக்கினாள். எனக்கு ஆச்சரியமில்லை. நாலு பேர் பார்க்கிற இடத்தில் கை தூக்கவென்றே பிறந்தவள் அவள், பாட்டுக் குழுவில்கூடத் தாளம் போட என்று சொல்லித் தூக்குவாள். உடனே என் வீட்டுக்காரர் எதிர்த்துக் கேட்டார். கொடுத்த வீட்டுக்காரனே ஏலம் கேட்கிற கூத்தை யாராவது பார்த்ததுண்டா? அவர் ஏற்ற, மைனி ஏற்ற, கடைசியில் ஒரு மாட்டின் விலைக்குப் போனது குட்டி. மைனி வாங்கிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒன் வீட்டுக்காரவுக வாய அடக்கி வச்சிருந்தா கொறஞ்ச விலைக்குப் போயிருக்கும் எப்சி." அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். எழுதுகிற மாதிரியான பதில் இல்லை.

குட்டிக்கு சாம்சன் என்று பெயர் வைத்திருக்கிறாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் வருகிறான். நல்ல வளர்த்தி. ஒன்பது மாதக் குட்டி என்று சொல்லமுடியாது.

ஜூன் 13

மாலை 6.50. தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு அடி தள்ளித் தரையை நக்கியது. பிறகு தொட்டியைக் கண்டுபிடித்தது. அது விளையாட்டுக்குச் செய்ததாகத் தெரிந்தது.

ஜூன் 15

மின்தடை. பன்னு கூடத்தின் நடுவில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். கரண்ட் வரும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அவருக்கு முட்டி வலி இருக்கும்.

ஜூன் 18, செவ்வாய்

நோட்டை டாக்டரிடம் கொடுத்தேன். இட்லி விஷயம் எழுதிய பக்கத்தை ஒட்டி வைத்திருந்தேன், அவர் பிரித்துப் படித்துவிட்டார். மற்ற பக்கங்களைப் புரட்டி, பேனாவால் நேரங்களை மட்டும் வட்டம் போட்டார். ஆறே முக்கால். ஆறு ஐம்பது. மின்தடை. ஏழு மணி.

"வெளிச்சம் இருக்கும்போது ஒண்ணும் இல்லையேம்மா."

அறையில் நாலு நாற்காலியைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார். பன்னு எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தது. நாற்காலிகளை மாற்றிப் போட்டு, சன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்தார். பன்னு ஒரு எட்டு வைத்தது. முன்னங்காலைத் தூக்கி முன்னால் துழாவியது. பிறகு வைத்த காலை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. நான் கூப்பிட்டேன். வாலை ஆட்டியது, வரவில்லை.

டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண் பச்சையாகப் பளீரென்று மின்னியது.

"போட்டோல எப்பவும் இப்படித்தான் டாக்டர் மினுங்கும், அவ்வளவு தெளிவான கண்ணு" என்றேன் பெருமையாக.

"அந்த மினுக்கந்தாம்மா நோய்" என்றார். கண்ணுக்குள் பின்னால் இருக்கும் திரை மெல்ல மெல்லத் தேய்கிறதாம். தேயத் தேய வெளிச்சம் அதிகமாகத் திரும்பி மினுங்குமாம். முதலில் மங்கல் வெளிச்சத்தில் தெரியாது. ஒரு வருடமோ இரண்டு வருடமோ, பிறகு பகலிலும் தெரியாது. வலி இருக்காது. மருந்தும் கிடையாது. பரம்பரையில் வருவது, டெஸ்ட் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

"குட்டி போட்டிருக்கா?"

"ஏழு."

அவர் டார்ச்சை அணைத்தார். "குட்டி போட விடுறதுக்கு முன்னால எடுக்க வேண்டிய டெஸ்ட் இது."

வரும் வழியெல்லாம் நான் பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை, பாளையங்கோட்டை மார்க்கெட்டிலிருந்து வீடுவரை பேசினேன்.

ஜூன் 19

டெஸ்டுக்கு ரத்தம் வேண்டாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியை வைத்து உருட்டி, காயவைத்து, கவரில் போட்டு பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். அதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் தின்னக் கூடாது. லாப்ரடார் ஒரு மணி நேரம் எதுவும் தின்னாமல் இருப்பது உலகத்தில் நடக்காத காரியம். முதல் குச்சியைத் தின்றுவிட்டது. இரண்டாவது குச்சி போய்ச் சேர்ந்தது.

ஜூன் 27

வீட்டுக்காரர் மாடிப் படி பதினாறுக்கும் ஒவ்வொரு சின்ன விளக்கு போட்டிருக்கிறார். படி இப்போது சீரியல் செட் போட்ட சப்பரம் மாதிரி இருக்கிறது. முப்பது வருடம் ஊருக்கே வெளிச்சம் கொடுத்தவர். பன்னு ஏறிவிட்டது. அவர் மேலேயிருந்து என்னைப் பார்த்த பார்வை, டாக்டரைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது.

ஜூலை 8, திங்கள்

முடிவு வந்தது. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கும்போது போனில் வந்தது. மாணவிகளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் தகப்பனார் பெயரை எழுதுகிற இடத்தில் "பன்னு" என்று எழுதிவிட்டேன்.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ஒவ்வொரு சமாச்சாரத்துக்கும் நாயிடம் இரண்டு சீட்டு இருக்கும். தகப்பன் கொடுத்தது ஒன்று, தாய் கொடுத்தது ஒன்று. ஒன்று கெட்டிருந்தாலும் இன்னொன்று நல்லதாக இருந்தால் கண்ணுக்குப் பாதகமில்லை. இரண்டும் கெட்டிருந்தால் பார்வை போகும். பன்னுவிடம் இருப்பது இரண்டும் கெட்ட சீட்டு. குட்டிகளுக்குக் கொடுக்க அதனிடம் நல்ல சீட்டே கிடையாது. ஏழு குட்டிக்கும் ஆளுக்கு ஒன்று நிச்சயமாகப் போயிருக்கும். மற்ற சீட்டு தகப்பன் கையில்.

தகப்பன் யார் என்றால், சீசர். எங்கள் பழைய ஐயர் வளர்த்த நாய். (போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம்.) ஐயர் மாற்றலாகி உடன்குடிப் பக்கம் போய்விட்டார். போன் போட்டேன். ஐயரம்மாதான் எடுத்தார்கள்.

"சீசர் தவக்காலத்துலயே தவறிட்டாம்மா."

"ஐயோ. அவனுக்குக் கண்ணு எப்படி ஐயரம்மா இருந்துச்சி?"

"கடைசி ரெண்டு வருசமா செவத்தப் பிடிச்சிட்டேதான் நடந்தான். வயசாயிட்டுல்லா? எதுக்கு கேக்குதிய?"

சும்மாதான் என்றேன். ஐயர் நாலு வருடத்துக்கு ஒரு சபை மாறுகிறவர். போன இடமெல்லாம் சீசரும் போயிருக்கிறான். திருநெல்வேலி ஜில்லாவில் பாதி மஞ்சள் லாப்ரடார்களுக்கு அவன்தான் ஆபிரகாம். இதைப் பத்திரிகையில் எழுதினால் பிரமாதமாக இருக்கும். எழுதமுடியாது.

ஆக, சாம்சனுக்கும் அநேகமாகப் பார்வை போகும். பெயரைப் பார். அந்த சாம்சனுக்குக் கண்ணைப் பிடுங்கினார்கள் என்பது ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெயர் வைக்கிறவர்கள் கதையை முடிவுவரை படிக்க வேண்டாமா?

ஜூலை 10

ஆறு வீட்டுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். ஒருவர் திட்டினார். ஒருவர் அழுதார். ஒருவர் "அப்படியா, சரி, அவன் இப்போ செருப்ப தின்னுட்டிருக்கான், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டார். பிறகு அவரே கூப்பிட்டார்; அவரையும் சேர்த்து மூன்று பேர் டெஸ்ட் எடுக்க ஒத்துக்கொண்டார்கள். இரண்டு நாளில் ஆறு போன். ஏழாவது மைனி. நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 11

நாளைக்கு.

ஜூலை 14, ஞாயிறு

புது ஐயர் பிரசங்கம். குருடும் முடமுமான உருப்படிகளைக் கொண்டுவந்து ஆண்டவருக்குப் படைத்தவர்களைப் பற்றி. அவருக்கு ஒன்றும் தெரியாது, வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இருந்தாலும் முக்கால் மணி நேரமும் மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் ஒட்டடை. வெளியே மைனி கை கொடுத்தாள். "நல்ல செய்தி இன்னைக்கு, என்ன எப்சி?" என்றாள். இவள் எதையும் வேண்டுமென்றே சொல்வாள் என்பது என் நீண்டநாள் கருத்து.

ஜூலை 20, சனி

போய்விட்டேன். சமாதானபுரத்தில் அண்ணன் வீடு. கைப்பையில் பஞ்சுக் குச்சி, கவர் எல்லாம் தயார். மைனிதான் கதவைத் திறந்தாள்.

"வா எப்சி. வழி தெரிஞ்சிதா?"

"தெரு மாறலியே மைனி."

"ஆளு மாறியிருக்கு. எட்டு மாசத்துல நல்லா உருண்டிருக்க."

அதற்குள் சாம்சன் வந்துவிட்டான். இரண்டு காலையும் தூக்கி என் தோளில் போட்டான். அப்படியே பன்னு! அதே மூக்கு, நுனியில் மட்டும் வெளுத்த கறுப்பு. ஒன்றைக் கேட்டால் தலையை இடது பக்கம் சாய்ப்பது, சோபாவுக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு படுப்பது, யாராவது பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்து அறையிலிருந்து எச்சில் வடிய வந்து நிற்பது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஐம்பது நாள் தாயோடு இருந்து பிரிந்த பிள்ளை, தாயின் நடையை எங்கே கற்றது? ரத்தம் பேசுகிறது என்பது இதுதான். பள்ளியில் பத்து வருடம் உயிரியல் ஆசிரியைகளின் வருகைப் பதிவேட்டை வைத்திருந்தும் எனக்கு இன்றுதான் மரபு என்றால் என்ன என்று விளங்கியது. ஏன், காதைச் சொறியும்போது ஒரு கண்ணை மூடுகிறானே, அதுகூடப் பன்னுதான். என் கண்ணைக் கட்டிவிட்டு யார் நூறு நாயைக் காட்டினாலும் இவனைத் தடவியே சொல்வேன்.

"மைனி, நம்ம பன்னுக்குக் கண்ணு போயிட்டிருக்கு."

மைனி உட்கார்ந்துவிட்டாள். "எந்தப் பன்னுக்கு? நம்ம பன்னுக்கா? ஐயோ, என் தங்கம். எப்போ தெரிஞ்சிது? எங்கிட்ட ஏன் சொல்லல?" முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். மைனி நடிக்கிறாளா என்று பார்த்தேன். நடிக்கவில்லை.

பிறகு நான் சீட்டுக் கணக்கைச் சொன்னேன். குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். சாம்சனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் அவள் முகம் மாறியது. அண்ணன் எழுந்து, "தேங்கா உரிக்கணும்" என்று சொல்லிக்கொண்டு பின்பக்கம் போனான். அடுக்களை மேடையில் உரித்த தேங்காய் மூன்று இருந்ததை நான் பார்த்தேன்.

"சாம்சனுக்கு ஒண்ணும் வராது" என்றாள் மைனி.

"எப்படிச் சொல்லுதிய?"

"வராது எப்சி. ஜெபம் பண்ணியிருக்கேன்."

"ஜெபம் வேற மைனி, டெஸ்ட் வேற. ஒரு பஞ்சுக் குச்சிதான். ஒரு நிமிசம்."

"குச்சியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நல்லாத்தான இருக்கான்? பன்னுவப் பாரு நீ. இவன விட்ரு."

"எங்கிட்ட இருந்து வந்த குட்டி. எனக்கு ஒரு பொறுப்பு இருக்குல்லா?"

"ஒனக்கு ஒரு பொறுப்பும் இல்ல. காப்பி போடுதேன், குடிச்சிட்டுப் போ."

வீம்பு. ஏலத்தில் எடுத்த பொருளில் குறை இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவளுடைய குட்டி, அவளுடைய விலை, அவளுடைய சாம்சன். இந்தப் பெருமைக்காக ஒரு வாயில்லா ஜீவனின் கண்ணைப் பணயம் வைக்கிறாள். அவள் அடுக்களைக்குள் போன நேரத்தில் சோபாவுக்கு அடியில் தலையை விட்டு சாம்சனின் கன்னத்தில் குச்சியை உருட்டிவிட்டேன். ஐம்பத்திரண்டு வயது, தொண்ணூறு கிலோ, சோபாவுக்கு அடியில். காப்பியோடு வந்தவள், "என்ன தொலைச்ச?" என்றாள். கம்மலின் திருகாணி என்றேன். இரண்டு பேரும் பத்து நிமிடம் தேடினோம்.

ஜூலை 22

தபாலில் போட்டேன். பன்னு இன்று படியில் விளக்கு எரிந்தும் ஏறவில்லை.

ஜூலை 29

வீட்டுக்காரர் படி விளக்குகளைக் கழற்றிவிட்டார். கேட்காதே என்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு கழற்றினார். முதல் படியிலும் கடைசிப் படியிலும் கயிற்றுமிதியடி ஒட்டியிருக்கிறார், கால் பட்டால் தெரியும் என்று. சாவிக்கொத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நடக்கிறார். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பன்னு பின்னால் போகிறது. எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது. பன்னுவுக்கு.

ஆகஸ்ட் 5

ஒத்துக்கொண்ட மூன்று குட்டிகளின் முடிவும் வந்தது. மூன்றிடமும் பன்னுவின் கெட்ட சீட்டு இருக்கிறது. சீசரிடம் கெட்டது ஒரு சீட்டுதான், அவன் சுவரைப் பிடித்து நடந்தது வயசால்தான் போல; ஒரு குட்டிக்கு மட்டும் அந்தச் சீட்டும் போயிருக்கிறது. அது செருப்புத் தின்கிறவன். அந்த வீட்டுக்காரர் இந்தத் தடவை போனை உடனே வைக்கவில்லை. "செருப்ப ஒளிச்சி வைக்க வேண்டாம் இனி, அவனே கண்டுபிடிக்கட்டும்" என்றார்.

சாம்சன் மட்டும் பாக்கி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கிளியர்! சாம்சனிடம் இரண்டும் நல்ல சீட்டு! அலுவலகத்தில் எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. ஏதோ அரியர்ஸ் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். மைனியின் ஜெபத்தைப் பற்றி நான் நினைத்ததை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டேன். பிறகு டாக்டருக்குப் போன் பண்ணினேன்.

"டாக்டர், கடைசிக் குட்டி தப்பிச்சிட்டான்! ரெண்டும் நல்ல சீட்டு!"

"யாரோட குட்டிம்மா?"

"நம்ம பன்னுவோடதுதான் டாக்டர்."

"அப்படி வராதேம்மா. பன்னுகிட்ட குடுக்குறதுக்கு நல்ல சீட்டே இல்லன்னு சொன்னம்லா? அதுக்குப் பொறந்திருந்தா ஒண்ணாவது கெட்டதாத்தான் இருக்கணும். ஒண்ணு, நீங்க எடுத்த எச்சி அந்தக் குட்டியோடது இல்ல. இல்லன்னா, அந்தக் குட்டி பன்னுவோடது இல்ல."

"என் கையால எடுத்தேன் டாக்டர். சோபாவுக்கு அடியில போயி எடுத்தேன்."

"அப்போ ரெண்டாவதுதாம்மா."

பெங்களூர்க்காரர்கள் தவறு செய்திருப்பார்கள் என்று முடிவு செய்தேன். அரை மணி நேரம் அந்த முடிவில் இருந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து மைனி பாட்டுக் குழுவோடு உள்ளே நின்றாள். அண்ணன் வண்டி நிறுத்துகிற இடத்தில் தனியாக இருந்தான். போய் எதிரே நின்றேன்.

"அண்ணே, சாம்சன் யாரு?"

"என்னட்டி கேள்வி இது?"

"டெஸ்ட் எடுத்தேன். மைனிக்குத் தெரியாம."

அண்ணன் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தான். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி துடைத்தான்.

"அவ வெளிய வாரதுக்குள்ள சொல்லிருதேன். ஒம்பதாம் நாளு, எப்சி. பால் குடிக்கும், பாதியில மூச்சு வாங்கும், படுத்துரும். வண்ணார்பேட்டை டாக்டர்ட்ட கொண்டு போனோம். பொறவிலேயே இருதயத்துல ஓட்டையோ என்னமோ, இந்த சாதிக்கு வாரதுதான்னாவ. ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாவ. இவ மடியிலதான் கெடந்துச்சி. ராத்திரி பூரா துணிய நனைச்சு வாயில வச்சிக்கிட்டே இருந்தா. விடியக்கால போயிட்டு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நா சொல்லணும்னுதான் சொன்னேன். அவதான் விடல. கோயிலுக்குக் குடுத்த குட்டி பத்து நாளுகூடத் தாங்கலன்னா ஊரு யாரப் பேசும்? ஒன்னத்தான? எப்சி தாங்கமாட்டா, வெளிய சிரிச்சிட்டு உள்ள ஒடஞ்சிருவான்னா. நாகர்கோவிலுக்கு ரெண்டு தடவ அலஞ்சி, அதே நெறத்துல, அதே வயசுல ஒண்ணு கொண்டாந்தோம். பேரும் மாத்தல."

நான் அந்த மெலிந்த குட்டியைப் பற்றிக் கேட்க நினைத்தேன். வேறொன்றைக் கேட்டேன். "அது மிஞ்சுன குட்டின்னு மைனிக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும் எப்சி. நீ ரிப்பன் கட்டுனா தெரியாதா? கோயில்பிள்ள மூணு தடவ தூக்கிக் காட்டுனாரு. ஒருத்தரும் வாயத் தெறக்கல. நீ வராண்டாவுல நின்னு பல்லக் கடிச்சிட்டு சிரிச்சிட்டிருந்த. அதப் பாத்துட்டுதான் அவ கையத் தூக்குனா."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் கேட்டேன்: "அத்தான், ஏலத்துல நீங்க ஏன் எதுத்துக் கேட்டிய?"

சாவிக்கொத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஒரே ஒரு ஆளு கேட்டா அது ஏலமா?"

ஜூன் 9-ஆம் தேதியில் கூட்டமே எழுந்து நின்றது என்று எழுதியிருக்கிறேன். எழுந்து நின்றது உண்மை. ஆட்டுக்கிடாய் அடுத்து இருந்தது.

ஆகஸ்ட் 17, சனி

மைனி வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவை வழி தெரிந்ததா என்று கேட்கவில்லை.

"மைனி, மன்னிக்கணும். அன்னைக்கு நா திருகாணி தேடல. சாம்சன் வாயில குச்சி விட்டேன். முடிவு வந்திருக்கு."

மைனி என்னைப் பார்த்தாள். அண்ணன் தேங்காய் உரிக்க எழுந்தான். நான் அவனை உட்காரச் சொன்னேன்.

"ரெண்டும் நல்ல சீட்டு. கண்ணுக்கு ஒண்ணும் வராது."

வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். பிறகு அவள், "நா சொன்னம்லா?" என்றாள்.

"சொன்னிய. தாய்க்கு இருக்கு, பிள்ளைக்கு வரல. டாக்டரே அதிசயம்னு சொல்லுதாரு."

"ஜெபம், எப்சி."

"ஜெபந்தான் மைனி."

மைனியின் கண் நிறைந்துவிட்டது. அடுக்களைக்குப் போய் வெகுநேரம் கழித்துக் காப்பியோடு வந்தாள். இரண்டு பேருக்கும் சர்க்கரை போட மறந்திருந்தாள். நாங்கள் அதைக் குடித்தோம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

ஒன்பது மாதத்துக்குப் பிறகு மைனி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பன்னுவுக்குப் பேச்சுக் கொடுத்தாள். பன்னு அவள் குரல் வந்த திசைக்கு நேரே போய், ஒன்றிலும் முட்டாமல், மடியில் தலையை வைத்தது. பகல் பதினோரு மணி. நேரத்தை எழுதி வைக்கிறேன், டாக்டருக்கு வேண்டும்.

சாம்சனுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட வேண்டியிருந்தது. எல்லோருமாக டாக்டர் முகைதீனிடம் போனோம். அவர் அவனுடைய பல்லைப் பார்த்தார், காதைத் திருப்பிப் பார்த்தார், வாலை நீவிப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"பன்னுவோட புள்ளதான் டாக்டர்" என்றேன். "அப்படியே அம்மா ஜாடை."

"ஆமா, மூக்கப் பாருங்க" என்றாள் மைனி.

டாக்டர் ஊசி போட்டார். அட்டையில் இனம் என்ற இடத்தில், மைனி சொன்னபடி லாப்ரடார் என்று எழுதினார். மைனி அவனை ஆட்டோவில் ஏற்றப் போனதும், நான் கேட்காமலே, பேனாவை மூடிக்கொண்டு சொன்னார்: அவனில் லாப்ரடார் பாதிதானாம், மீதி தெருநாயாம். நாகர்கோவில் தெருநாய் என்று நான் சொல்லவில்லை.